சார் இல்லாத ஏழு வாரங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், என் கணவர் அரியலூர் ரோட்டில் வண்டியோடு விழுந்து வலது தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். குறுக்கே வந்தது ஒரு நாய். பின்னால் சிமெண்ட் லாரி எதுவும் வராமல் இருந்தது எங்கள் நல்ல நேரம். திருச்சியில் ஆபரேஷன் செய்து எலும்புக்குள் ஒரு கம்பி வைத்தார்கள். ஏழு வாரத்துக்குப் படி ஏறக்கூடாது என்றார் டாக்டர். மயக்கம் முழுதாகத் தெளியாத மனிதர் அதைக் கேட்டுவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டென்த்துக்கு முதல் ரிவிஷன் என்னைக்கு?"

அவர் டியூஷன் எடுப்பவர். எம்.எஸ்சி. கணக்கு, பி.எட். அரசு வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று நான்கு பிள்ளைகளை வைத்துத் தொடங்கினார். அப்படியே பதினாறு வருடம் ஓடிவிட்டது. பெரம்பலூரில் நாங்கள் குடியிருப்பது மாடி வீடு. அதற்கு மேலே மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட கொட்டகை, ஒரு கரும்பலகை, பத்துப் பதினைந்து கோரைப்பாய். பத்தாம் வகுப்புக் கணக்கு மட்டும்தான். அந்த வருடம் இருபத்தெட்டுப் பேர்.

நானோ பி.ஏ. தமிழ். பத்தாம் வகுப்பில் கணக்கில் சரியாக முப்பத்தைந்து வாங்கினேன். அந்த முப்பத்தைந்தில் திருத்தியவரின் இரக்கம் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு தையல் கற்றுக்கொண்டேன். கீழே ஹாலில் மெஷின் போட்டு ரவிக்கை, சுடிதார், குழந்தைகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுக்கிறேன். மேலே அவர் தேற்றம் நடத்துவார், கீழே என் மெஷின் ஓடும். பதினாறு வருடமும் அவர் பாடம் எடுக்கும் நேரத்தில் நான் மாடிக்குப் போனதென்றால் காயவைத்த துணியை எடுக்கத்தான்.

எங்கள் வீட்டுப் படி செங்குத்து. அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து அவரை நேராகக் கீழப்பழுவூரில் இருக்கும் அவர் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனோம். தரைத்தளம், அகலமான ஹால், ஜன்னலோரம் கட்டில். மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தான். எனக்கு இங்கே தை, மாசி முகூர்த்தத்துக்கு வாங்கிவைத்த ரவிக்கைத் துணிகள் குவிந்து கிடந்தன. காலையில் பஸ் ஏறி அரியலூர் போய், அங்கே மாறி, கீழப்பழுவூரில் அவரைப் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் பெரம்பலூர் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு.

டியூஷன் கிடையாது, இந்த மாதம் யாரும் ஃபீஸ் கொடுக்க வேண்டாம் என்று எல்லாப் பெற்றோருக்கும் போன் செய்து சொன்னேன். சிலர் நேராகவே விசாரித்தார்கள். "வேற எங்கயாவது சேத்துவுடவா, இல்ல சார் வந்துருவாரா?" என்று ஒரு அம்மா கேட்டார். உங்கள் இஷ்டம் என்றேன். ஏழெட்டுப் பேர் அந்த வாரமே புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் இன்னொரு டியூஷனுக்குப் போய்விட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஐந்தரை மணிக்கு வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் பதினோரு பிள்ளைகள், முதுகில் பையோடு.

"டியூஷன் இல்லைன்னு வூட்ல சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொன்னாங்கக்கா."

"அப்பறம் ஏன் வந்தீங்க?"

ஒரு பெண் சொன்னாள்: "வூடு பூட்டியிருக்குக்கா. அம்மா கடைய வுட்டு வர ஏழரை ஆயிடும்." இன்னொருத்தி, "எங்க வூட்ல சீரியல் ஓடும்க்கா, படிக்கவே முடியாது" என்றாள். எல்லாரையும்விட நெட்டையாக இருந்த ஒரு பையனைப் பார்த்து, "நீ?" என்றேன். "எல்லாரும் வந்தாங்க, நானும் வந்துட்டேன்" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை.

சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கொட்டகையைத் திறந்து விளக்கைப் போட்டேன். "உக்காந்து படிங்க. சத்தம் போடக்கூடாது" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பத்து நிமிடம் அமைதி. அதற்கப்புறம் தகர ஷீட் பறந்துவிடும் போல் சிரிப்பு. மெஷினைத் தூக்கிக்கொண்டு மேலே போக முடியாது. ஊக்குத் தைக்க வேண்டிய ரவிக்கைகளை ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலே போய், கரும்பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. நெட்டைப் பையன் கணக்குப் புத்தகத்தை விரித்தான். கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கி, "அக்கா, இது சரியா?" என்றான்.

"எனக்குத் தெரியாதுப்பா."

"சார் வூட்ல இருந்துகிட்டுத் தெரியாதா?"

"டாக்டர் வூட்ல இருக்கறவங்க எல்லாம் ஊசி போடறாங்களா? எனக்குப் புரியற மாதிரி போர்டுல போட்டுச் சொல்லு. புரிஞ்சா சரின்னு வெச்சுக்கலாம்."

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவன் எழுந்து வந்து ஒரு இருபடிச் சமன்பாட்டை எழுதி மடமடவென்று போட ஆரம்பித்தான். மூன்றாவது வரியில் நிறுத்தினேன். "அந்தப் பக்கம் மைனஸா இருந்தது, இந்தப் பக்கம் வந்ததும் எப்படி பிளஸ் ஆச்சு?"

"அப்படித்தாங்க்கா. பக்கம் மாறுனா மாறும்."

"ஏன் மாறணும்?"

"சார் சொன்னாரு."

"சார் சொல்லட்டும். நீ சொல்லு."

அவன் சாக்பீஸைப் பார்த்தான். மற்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். கடைசிப் பாயில் இருந்து, வீடு பூட்டியிருக்கிறது என்று சொன்ன பெண் எழுந்தாள். "பக்கம்லாம் மாறலக்கா. அஞ்சு கொறையுது இல்ல, ரெண்டு பக்கமும் அஞ்சு சேக்கறோம். இங்க கொறஞ்சது சரியாப் போயிடுது, அங்க அஞ்சு கூடிடுது." தராசுத் தட்டில் வைப்பது போலக் கைகளால் காட்டினாள்.

பத்தாம் வகுப்பில் எனக்குப் புரியாமல் போன விஷயம் அது. நாற்பத்திரண்டு வயதில், கையில் ஊசியோடு எனக்கு அது புரிந்தது. "அட" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் கீழப்பழுவூரில் கட்டிலோரம் உட்கார்ந்து இதை அவரிடம் சொன்னேன். மகிழ்வார் என்று நினைத்தேன். முகம் சுருங்கியது.

"பசங்கள வெச்சு வெளையாடாதம்மா. தப்பாப் போட்டு மனசுல பதிஞ்சிடுச்சுன்னா அப்பறம் அழிக்கவே முடியாது."

"தப்புன்னு தோணுனா அவங்களே சண்டை போட்டுக்கறாங்கங்க."

"சண்டை போடறதுக்கா டியூஷன்?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நானும் நிறுத்தவில்லை, பிள்ளைகளும் நிற்கவில்லை. அந்த வாரக் கடைசியில் பதினோரு பேர் பதினாறு ஆனார்கள்.

இரண்டாவது வாரம் அளவியல் பாடம். வட்டத்தில் ஒரு துண்டை வெட்டிச் சுருட்டினால் கூம்பு வரும், அதன் சாயுயரம் என்ன, ஆரம் என்ன என்று ஒரு கணக்கு. ஆளுக்கொரு விடை சொன்னார்கள். எனக்குச் சாயுயரம் தெரியாது, குடைப் பாவாடை தெரியும். கீழே போய் ஒரு லைனிங் துணியும் கத்திரியும் எடுத்து வந்து நான்காக மடித்து, மூலையில் வளைவு போட்டு வெட்டி விரித்தேன். நடுவில் ஓட்டையோடு ஒரு முழு வட்டம்.

"இந்த ஓட்டை இடுப்புக்கு. எவ்வளவு வெட்டணும்னு கேட்டா, இடுப்பளவ ஆறு புள்ளி ரெண்டு எட்டால வகுக்கணும். இருபத்தெட்டு இடுப்புன்னா நாலரைக்குக் கொஞ்சம் கம்மி. தையல் கிளாஸ்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றேன்.

"ஏன்க்கா ஆறு புள்ளி ரெண்டு எட்டு?"

"அது அப்படித்தான். டீச்சர் சொன்னாங்க."

நெட்டைப் பையன் பாயில் விழுந்து சிரித்தான். "அக்கா, எங்கள மட்டும் ஏன் ஏன்னு கேக்கறீங்க!"

அதற்குள் இரண்டு பெண்கள் நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டார்கள். பையை, அதாவது மூன்று புள்ளி ஒன்று நான்கை, இரண்டால் பெருக்கினால் ஆறு புள்ளி இரண்டு எட்டு. சுற்றளவை இரண்டு பையால் வகுத்தால் ஆரம். இத்தனை வருடம் நான் வெட்டிய குடைப் பாவாடை ஒவ்வொன்றிலும் நான் பயந்து ஓடிய கணக்கு இருந்திருக்கிறது. அன்றைக்கு அந்த லைனிங் துணியைக் கால்வாசி வெட்டிச் சுருட்டி, அரைவாசி வெட்டிச் சுருட்டி, எல்லோரும் தலையில் கூம்புத் தொப்பி வைத்துக்கொண்டார்கள். துணி வீண்தான். ஆனால் விடை எல்லோருக்கும் ஒன்றாக வந்தது.

எல்லாமே இப்படிச் சிரிப்பில் முடியவில்லை. யாருக்கும் பிடிபடாத கணக்குகள் சில இருந்தன. ஒரு தாளில் குறித்துவைக்கச் சொன்னேன். வாரக் கடைசியில் அதில் ஒன்பது சேர்ந்துவிட்டது.

"நாளைக்கு ஸ்கூல்ல உங்க டீச்சர்கிட்டயே கேட்டுட்டு வந்துருங்க" என்றேன்.

என்னவோ அணைக்கட்டில் குதிக்கச் சொன்னது போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஸ்கூல்ல யாரும் கேக்க மாட்டோம்க்கா" என்றாள் சீரியல் வீட்டுப் பெண்.

"திட்டுவாங்களா?"

"திட்ட மாட்டாங்க. ஆனா யாரும் கேக்கறதில்ல."

மூன்று பேரைச் சேர்த்துத் தாளைக் கையில் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் ஐந்து கணக்குக்கு விடையோடு வந்தார்கள். மீதி நான்கு அதற்கு மறுநாள் வந்தது. அடுத்த வாரம் புதிதாக ஒரு தாள். இப்படி நடந்துகொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நான் ஒரு ரவிக்கைக்குக் கை மடிப்பு அடித்துக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கையில், மாடிப்படியில் ஒரு அம்மா மூச்சு வாங்க ஏறி வந்தார். தோளில் கைப்பை, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். அவர்களுடைய பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர்.

"இங்க புதுசா யாரு கணக்கு எடுக்கறாங்க?" என்று கேட்டார்.

நெட்டைப் பையன் என்னைக் கை காட்டினான். டீச்சர் என்னையும் என் மடியில் கிடந்த ரவிக்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் எடுக்கலைங்க டீச்சர். எனக்குக் கணக்கே வராது. இவங்கதான் எனக்கு எடுக்கறாங்க" என்றேன்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு பெண் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டுச் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க. என்னமோ மாயம் பண்றாங்கன்னு பாக்கத்தான் வந்தேன். கிளாஸ்ல நடத்தி முடிச்சிட்டு டவுட் இருக்கான்னு கேப்பேன். ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. எல்லாம் டியூஷன்ல பாத்துக்கலாம்னு ஒக்காந்திருப்பாங்க. இவங்களுக்குத் தெரியும்போலன்னு நானும் வேகமாப் போயிடுவேன். இப்ப திடீர்னு தாளத் தூக்கிக்கிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வராங்க. ஒருத்தன் என்னையே ஏன்னு கேக்கறான்."

"அது என்கிட்டக் கத்துக்கிட்டதுங்க டீச்சர். மன்னிச்சிருங்க."

"மன்னிக்கறதா! கேக்கட்டுங்க. சாப்பாட்டு பெல்லு அடிச்சு இருபது நிமிஷம் நான் சும்மாதான் இருக்கேன்."

அவர் பேசியதைப் பிறகு வெகுநேரம் யோசித்தேன். பள்ளியில் புரியவில்லை என்று டியூஷனுக்கு வருகிறார்கள். டியூஷன் இருக்கிறது என்று பள்ளியில் கேட்காமல் இருக்கிறார்கள். கேட்கவில்லை என்று டீச்சர் வேகமாகப் போகிறார். வேகமாகப் போவதால் புரிவதில்லை. இதில் யாரும் கெட்டவர் இல்லை, என் கணவர் உட்பட.

இப்படி எல்லோருக்கும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எழுந்து வாயே திறக்காத ஒருத்தியை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

தா.பழூர்ப் பக்கத்திலிருந்து பெரம்பலூருக்கு வந்த குடும்பத்துப் பெண் அவள். ஊரில் அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். இங்கே வந்தபின் அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார், அம்மா ஜவுளிக்கடையில் வேலை. ஒரு நாளும் வராமல் இருக்க மாட்டாள். யார் போர்டில் என்ன போட்டாலும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொள்வாள். கேட்டால் புரிகிறது என்பாள். முதல் ரிவிஷன் தாள் திருத்திக் கொடுத்த அன்று எல்லோரும் மார்க்கைச் சொல்லிக்கொண்டிருக்க, அவள் தாளை நான்காக மடித்துப் பையின் அடியில் வைத்தாள். மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து பக்கத்தில் கூப்பிட்டேன்.

"எவ்வளவு கண்ணு?"

"பதினாலு."

"தினமும் புரியுதுன்னு சொன்னியே?"

"புரியலைன்னா சார் திரும்ப நடத்துவாருக்கா. திரும்ப நடத்துனாலும் அதே எடத்துலதான் எனக்குப் புரியாது. எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க. அதான் புரிஞ்சிடுச்சுன்னு சொல்லிடுவேன்" என்றாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவிடம் கேட்டு அவளையும் கூட்டிக்கொண்டு கீழப்பழுவூருக்கு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கண் மூடாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

என் கணவருக்கு அவளைப் பார்த்ததில் அத்தனை சந்தோஷம். ஐந்து வாரமாகப் பாடம் நடத்தாத மனிதர். அண்ணி காபி கொண்டுவருவதற்குள் இருபடிச் சமன்பாட்டில் இறங்கிவிட்டார். அவள் வழக்கம்போலத் தலையாட்டினாள். நான் குறுக்கே புகுந்து, "சின்னதா ஏதாவது கேளுங்க, ரொம்பச் சின்னதா" என்றேன்.

"முக்காலும் அரையும் சேந்தா எவ்வளவு?" என்று கேட்டார், விளையாட்டுப் போல.

அவள் நோட்டில் எழுதினாள். மேலே மூன்றும் ஒன்றும் நான்கு, கீழே நான்கும் இரண்டும் ஆறு. ஆறில் நான்கு.

அவர் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னம் எந்த வகுப்பில் படித்தாய் என்று கேட்டார். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியிருந்த இரண்டு வருடம், தங்கள் வீட்டில் பெரிய போன் இல்லை, அதனால் ஐந்தும் ஆறும் தனக்கு நடக்கவே இல்லை என்றாள். அவர் என்னைப் பார்த்தார். "எட்டு மாசமா என் முன்னாடி ஒக்காந்திருக்கு இந்தப் புள்ள" என்றார்.

என் பையில் எப்போதும் இஞ்ச் டேப் இருக்கும். அதை எடுத்துக் கட்டிலில் விரித்தேன். "முக்கால் இஞ்ச்சு எங்க இருக்கு காட்டு?" காட்டினாள். என் மெஷினையும் டேப்பையும் தினம் பார்க்கிற பெண்தானே. "அங்கேருந்து இன்னும் அரை இஞ்ச்சு போ." விரலை நகர்த்தினாள். ஒன்றேகாலில் வந்து நின்றது. அந்தக் கோட்டைப் பார்த்தாள், தன் நோட்டைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். "ஒன்னுக்கு மேல போவுது! நான் ஒன்னுக்குள்ள எழுதி வெச்சிருக்கேன்."

அதற்கப்புறம் எனக்கு அங்கே வேலை இல்லை. அவர் இஞ்ச் டேப்பை வாங்கிக்கொண்டார். மத்தியானச் சாப்பாடுவரை வகுத்தலும் பின்னமும்தான். ஒரு தேற்றம் கிடையாது, ஒரு சூத்திரம் கிடையாது. திரும்பும்போது, "தினம் ஏழரைக்கு எனக்குப் போன் பண்ணு, அக்கா போன்லேருந்து. அரை மணி நேரம் பாப்போம்" என்று அவளிடம் சொன்னார். மறுநாளிலிருந்து பிள்ளைகள் கிளம்பிப் போனபின் என் மெஷினுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்துகொள்வாள். ஸ்பீக்கரில் அவர் குரல் வரும். இவள் போடுவாள். தப்பு வந்தால் அவர் கத்துவார். இவள் பயப்படாமல் பதிலுக்கு, "இருங்க சார், நான் இன்னும் முடிக்கல" என்பாள்.

ஏழு வாரம் முடிந்து, கையில் ஒரு தடியோடு அவர் வீட்டுக்கு வந்தார். வந்த அன்று சாயங்காலமே மாடிக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நான் ஒரு பக்கம் பிடிக்க, ஒவ்வொரு படியாக ஏறினார். கொட்டகை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். உள்ளே யாரும் எங்களைப் பார்க்கவில்லை. பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது.

வடிவொத்த முக்கோணம் வரைய வேண்டும், அளவு காரணி மேலே ஏழு, கீழே நான்கு. ஏழு புள்ளி வைத்தாயிற்று. எந்தப் புள்ளியை முக்கோணத்தின் மூலையோடு சேர்ப்பது என்பதுதான் வழக்கு. ஏழாவதை என்றான் நெட்டைப் பையன், தொண்டை கிழிய. நான்காவதை என்று ஒரு கட்சி. அப்போது தா.பழூர்ப் பெண் எழுந்தாள்.

"ஏழு நாலை வுடப் பெருசு. ஒன்னுக்கு மேல போவுது. அப்ப முக்கோணமும் பெருசாத்தான் ஆவணும். நீ சொல்ற மாதிரி சேத்தா உள்ள போயி சின்னதா வுழும். போட்டுப் பாரு."

அவன் போட்டுப் பார்த்தான். சின்னதாகத்தான் விழுந்தது. தலையைச் சொறிந்துகொண்டு திரும்பியபோதுதான் வாசலில் இருந்தவரைக் கண்டான். "சார்!"

கொட்டகையே எழுந்தது. அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "சார், இவ சொல்றது சரியா?" என்று நான்கைந்து பேர் கேட்டார்கள். பதில் சொல்ல அவர் வாயைத் திறந்ததைப் பார்த்தேன். பிறகு மூடிக்கொண்டார். "நீங்கதான் போட்டுப் பாத்துட்டீங்களே" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டில் நான் ரசம் ஊற்றும்போது, "நான் இத்தனை வருஷம் என்னதான் பண்ணிட்டிருந்தேன்?" என்றார்.

"பாய் போட்டீங்க, லைட்டு போட்டீங்க, நேரத்துக்கு ஒக்கார வெச்சீங்க. பூட்டுன வூட்டுக்குப் போவாம பசங்களுக்கு ஒரு எடம் குடுத்தீங்க. அது கம்மியா?"

"இதுக்கா எம்.எஸ்சி. படிச்சேன்?"

"எம்.எஸ்சி. படிச்சது அந்த இஞ்ச் டேப்புக்கு."

சிரித்துவிட்டார். சிரித்தால் தொடை வலிக்கும், வலித்தால் இன்னும் சிரிப்பு வரும் என்று அன்று தெரிந்தது.

பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அவர் வகுப்பு எடுக்கவில்லை. கொட்டகை ஒரு பக்கம் தானாக நடந்தது. இன்னொரு பக்கம் அவர் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, அடிப்படை விட்டுப்போன ஐந்து பேரை மட்டும் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "சார் வந்தும் கிளாஸ் எடுக்க மாட்டேங்கறாராமே" என்று இரண்டு வீட்டில் கோபித்துக்கொண்டு பிள்ளைகளை நிறுத்தினார்கள்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. எல்லோரும் பாஸ். தா.பழூர்ப் பெண்ணுக்குக் கணக்கில் நாற்பத்தெட்டு. அவள் அம்மா கடையில் அனுமதி கேட்டு ஓடிவந்து, பேச முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெட்டைப் பையன் தொண்ணூறு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தான், எழுபத்தொன்று வந்தது. வேறு டியூஷனுக்குப் போனவர்களும் நன்றாகத்தான் வாங்கியிருந்தார்கள், இதை மறைக்கக் கூடாது. அவர்கள் பள்ளியில் கணக்கில் முதல் மார்க் வாங்கிய பெண் எந்த டியூஷனுக்கும் போகாதவள் என்று டீச்சர் போனில் சொன்னார். அதனால் டியூஷன் வேண்டுமா வேண்டாமா என்று யாராவது கேட்டால், எனக்கு ஒரே வரியில் சொல்லத் தெரியவில்லை. யாருக்கு, எதற்கு என்று திருப்பிக் கேட்கத்தான் தோன்றுகிறது.

என் கணவருக்கு அப்படித் தயக்கம் எல்லாம் இல்லை. ஜூன் மாதம் சேர்க்க வருகிற பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து அரை மணி நேரம் பேச ஆரம்பித்தார். ஒரு நாள் வெங்காய மண்டி வைத்திருப்பவர் ஒருவர் மகனைக் கூட்டிவந்து விட்டுப்போனார். பையனிடம் நான்கு கணக்குக் கொடுத்தார் இவர். நான்கையும் போட்டுவிட்டான்.

"ஸ்கூல்ல புரியுதா?"

"புரியுது சார்."

"புரியலைன்னா?"

"டீச்சர்கிட்ட கேப்பேன்."

"அப்பறம் எதுக்கு இங்க வந்தே?"

"அப்பா சொன்னாரு."

உனக்கு டியூஷன் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு மணி நேரத்தில் அப்பா படியேறி வந்தார், முகம் சிவந்து. "என்ன சார், என் பையனச் சேத்துக்க மாட்டேன்னு சொன்னீங்களாம்? அவன் என்ன அவ்வளவு மக்கா?"

"ஐயோ, அவன் நல்லாப் படிக்கறாங்க. அதனாலதான் வேணாம்ன்னேன்."

அவருக்கு அது விளங்கவே இல்லை. "நல்லாப் படிக்கற பையன டியூஷனுக்கு அனுப்பலைன்னா ஊர்ல என்ன நெனைப்பாங்க?" என்றார். இவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பள்ளியில் கேட்கத் தெரிந்த பிள்ளை, விட்டுப்போனது ஒன்றும் இல்லை, சாயங்காலம் விளையாட விடுங்கள் என்றார். அந்த மனிதர் நான் கொடுத்த மோரைக் குடித்தபடி யோசித்தார். கோபம் மெல்ல இறங்கியது.

"சரி சார், நீங்க சொல்லிக் குடுக்க வேணாம்" என்றார் கடைசியில். "ஆறுலேருந்து ஏழு வரைக்கும் மேல ஒக்காரவாவது வுடுங்க. வூட்ல எங்க அப்பா டிவியில நியூஸ் வெச்சாருன்னா தெருவுக்கே கேக்கும்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்க் கொட்டகைச் சாவியை எடுத்து வந்தேன்.